தவளைக் கோட்டும் விடாக்கண்டனும்

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் மூளை உட்பட. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நீ ஆபீசில் இருந்தபோது அவர் உன்னைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எதன் மேல் நிற்கிறது, தரையிலா வேறு எதன் மேலாவதா என்று கேட்டதும், நீ பதறிப்போய் அடுத்த நிமிஷம் என்னைக் கூப்பிட்டு, ‘அம்மா, அப்பாவை உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ’ என்றதும், நான் ‘சரி, சரி’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டதும் உனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும். அப்போது என்னால் பேச முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பச் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அதற்குக் காரணம் நாங்கள். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து விடுவாய், நான் சொல்ல வந்ததை விட்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் விஷயம். உன் பழைய அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு மழைக்கோட்டு தொங்குகிறது. பச்சை நிறம். தலைமூடியில் இரண்டு தவளைக் கண்கள், உருண்டையாக, கொஞ்சம் ஒன்றரைக்கண். வேறொரு குழந்தை போட்ட கோட்டு. நீங்கள் வரும்போது இங்கே மழைக்காலம். அங்கே குட்டிக்கு மழை என்றால் கார்க் கண்ணாடியில் விழுவது, இங்கே தலையில் விழுவது. அதை அவளுக்குப் போடலாமா கூடாதா என்று நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உன் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பை நிறையத் துணி கொண்டுவந்து கொடுத்தபோது, ‘ஊரார் போட்டுக் கழிச்சதை எம்புள்ளைக்குப் போடமாட்டேன்’ என்று நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. ‘நாங்க வர்றதுக்கு நீங்க எதுவும் வாங்கவே வேண்டாம்’ என்றும் சொன்னாய். அதை நான் கேட்டேன். உன் அப்பாவும் கேட்டார். போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாங்கவே வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். வாங்க வேண்டாம் என்று அர்த்தம் என்றேன். பிறகு கடைக்குப் போனோம். கடையில் குழந்தைத் துணியை விரலால் தொட்டேன். அத்தனை வருஷம் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள் நான், தையலைப் பார்க்காமல் துணியின் நிறத்தைக்கூட என்னால் பார்க்க முடியாது. கழுத்துப் பட்டியில் உள்தையலே இல்லை. பொத்தான் இரண்டே சுற்று நூலில் ஊசலாடியது. நான் மேசையில் இருந்திருந்தால் கட்டோடு திருப்பி அனுப்பியிருப்பேன். விலையைப் பார்த்து உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விலை மாறவில்லை.

மருந்துக்கடைப் பெண்தான் வழி சொன்னாள். போனில் ஒரு செயலி, அதில் வீட்டுக்காரர்களே தங்கள் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன துணியை ஏலத்துக்குப் போடுகிறார்கள், மாலைக்குள் அதிகம் கேட்டவருக்குத் துணி. நல்ல கம்பெனித் துணி, இரண்டு தடவை போட்டது, சில சமயம் போடாமலே விட்டது. எனக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. குழந்தைத் துணி பழசாவதே இல்லை. குழந்தைதான் துணியைத் தாண்டிப் போய்விடுகிறது. துணி அங்கேயே நிற்கிறது. உனக்கும் சொல்லி வைக்கிறேன், எப்போதாவது உதவும். படத்தில் முன்பக்கத்தைப் பார்க்காதே, முழங்காலைப் பார், மணிக்கட்டைப் பார், கழுத்துக்குள் ஒட்டிய சீட்டு எழுத்து அழிந்திருந்தால் நிறையத் துவைத்த துணி. இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துப் படம் கேள். நான் எல்லோரிடமும் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் காட்டினார்கள். ஒருத்தி மட்டும், ‘ஆன்ட்டி, நீங்க கவுன் வாங்கறீங்களா, கவுனுக்கு ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?’ என்று எழுதினாள். தட்டச்சு செய்வது உன் அப்பா. அவருக்கு நில அளவை ஆபீசை விட்டு வந்தும் அந்த பாஷை விடவில்லை. ‘பொருள்: தங்களின் மஞ்சள் கவுன் தொடர்பாக. மேற்படி கவுனின் இடது அக்குள் பகுதியைத் தெளிவாகக் காட்டும் படத்தை அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று எழுதுவார். அதற்கு ஒரு பதில்: ‘மாமா, வேணுமா வேண்டாமா?’

இனிதான் ஃப்ரிட்ஜ். துணி வாங்க அளவு வேண்டும். உன்னிடம் கேட்டால் எதற்கு என்பாய். வயதை வைத்து வாங்கலாம் என்றால், நம் குடும்பத்தில் யார் வயதுக்குத் தக்க வளர்ந்தார்கள். உன் அப்பா எழுந்து அறைக்குள் போய் ஸ்கேலோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குட்டி தான் வரைந்ததை எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று காட்டுகிறாள் அல்லவா, அதை அவர் படமாகப் பிடித்து வைத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜ் கம்பெனியின் பக்கத்துக்குப் போய் அந்த மாடலின் உயரத்தை எடுத்தார். ஃப்ரிட்ஜின் உச்சியிலிருந்து குட்டியின் தலை எவ்வளவு கீழே என்று அளந்து, ஃப்ரிட்ஜின் உயரத்திலிருந்து கழித்தார். அதுதான் பேத்தியின் உயரம். மலையையே தொடாமல் அளந்தவன் நான், மூன்று வயதுப் பெண்ணை அளக்க மாட்டேனா என்று என்னிடம் ஒரு பார்வை. எனக்கென்னவோ படத்தைப் பார்த்தால் குட்டி இன்னும் வளர்த்தியாகத் தெரிந்தாள். சொன்னேன். ‘கண்ணு பொய் சொல்லும்டி, கணக்கு சொல்லாது’ என்றார். அவர் கணக்குப்படிதான் வாங்கினோம். மஞ்சள் கவுன், பூப்போட்ட சட்டை இரண்டு, ஒரு நீலக் காற்சட்டை, அதன் பையில் யாரோ ஒரு குழந்தை விட்டுவைத்த உலர்ந்த கூழாங்கல். தூக்கிப் போட மனம் வரவில்லை. உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பிறகு தவளைக் கோட்டு வந்தது. படத்தைப் பார்த்ததும் நான் எதையும் திருப்பிக் காட்டச் சொல்லவில்லை. காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தையலின் மேலும் உள்ளே நாடா ஒட்டி, தண்ணீர் புகாதபடி, சரியான வேலை. போன் கண்ணாடி என்பதை மறந்து அந்த நாடாவை விரலால் தடவிப் பார்த்தேன். துணிக்கு இப்படி ஆவதா என்று கேட்காதே. உன் அப்பா சீட்டைப் பார்த்துவிட்டு, அளவு பெரிசு, இதைப் போட்டால் குட்டி நடக்கிற வழியெல்லாம் தெருவைக் கூட்டிக்கொண்டு போவாள் என்றார். பரவாயில்லை, மடித்துத் தைக்கிறேன் என்றேன். வேண்டாவெறுப்பாகக் கேட்கத் தொடங்கினார். முடிகிற நேரத்தில் ஒரு ஆள் புகுந்தான். செயலியில் அவன் பெயர் விடாக்கண்டன். நாங்கள் ஏற்ற ஏற்ற அவனும் ஏற்றினான். கோட்டு அவனுக்குப் போயிற்று. போகட்டும் என்றேன். ஆனால் அதுவரை வேண்டாம் என்றிருந்தவருக்கு அன்றிலிருந்து அந்தக் கோட்டு இல்லாமல் வாழ்க்கை இல்லை.  இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அதே கோட்டு திரும்ப ஏலத்துக்கு வந்திருக்கிறது. எடுத்தவன் வாங்கிக்கொள்ள வரவில்லை என்று எழுதியிருந்தாள் விற்கிறவள். உன் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு போனின் முன்னால் உட்கார்ந்தார். எதற்குச் சட்டை என்று நான் கேட்கவில்லை. கடைசி நேரத்தில் விடாக்கண்டன் வந்தான். எடுத்தான். மறுபடி வாங்க வரவில்லை. ‘இவன் கோட்டுக்காக வரல. என்னை அவமானப்படுத்தணும்னே வர்றான்’ என்றார். ஊரில் யார் யாருடைய நிலத் தகராறில் எதிராக அறிக்கை எழுதினோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அத்தனை பேரையும் ஒரு குழந்தையின் மழைக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார். யாரும் பொருந்தவில்லை.

மூன்றாம் ஏலத்துக்கு விட்டால் இந்த மனிதருக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும் என்று நானே அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறோம், ஏலம் வேண்டாம் என்று. இதே ஊர்தான், வாங்க என்றாள். போனோம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வாசலிலேயே, ‘செருப்ப இடது பக்கமா விடுங்க, நேரா வாங்க, நேரா, அங்க நில்லுங்க, உக்காருங்க’ என்றாள். உன் அப்பா சொன்னபடி எல்லாம் செய்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் சொல்லி ஒன்றுகூடச் செய்ததில்லை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக்காம், பெரிய உடம்பு, எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு, டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார். எட்டு வயதில் ஒரு பெண், தரையில் படுத்துக் கிடந்து படித்துக்கொண்டிருந்தாள். கோட்டு அவளுடையது. கையில் வாங்கிப் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஒரு மடிப்புத் தழும்பு இல்லை. அந்தப் பெண், அதாவது அம்மாக்காரி, மூச்சுவிடாமல் விடாக்கண்டனைத் திட்டிக்கொண்டிருந்தாள். ‘வேலைவெட்டி இல்லாத பய. ரெண்டு தடவ எடுத்துட்டு ரெண்டு தடவையும் ஆளக் காணோம். எந்த மூஞ்சியோ. எந்தப் பாவி பெத்ததோ’ என்றாள். உன் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. தன்னோடு சேர்ந்து வெறுக்க ஒரு ஆள் கிடைத்த மலர்ச்சி. ‘நீங்க அவனுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பணும்மா’ என்றார். ‘இப்பவே அனுப்பறேன் பாருங்க’ என்று அவள் போனை எடுத்துத் தட்டினாள். சமையலறையில் ஒரு மணி அடித்தது. அவள் கவனிக்கவில்லை. இன்னொன்று தட்டினாள். இன்னொரு மணி. மூன்றாவது கொஞ்சம் நீளமான வசவு போலிருக்கிறது, தட்டி முடிக்க நேரமாயிற்று, அனுப்பியதும் உள்ளே மணி. சிறுமி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், ‘அம்மா, நீ அனுப்பறப்பல்லாம் அப்பா போன் கத்துது’ என்றாள்.

டீத் தட்டோடு அவர் வெளியே வந்து நின்றார்.  லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கிற மனிதர், தன்னை மீட்க ஒரு ஆளைத் தேடி எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அவள் கேட்டதையும் அவர் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன். ‘நான் விக்கிறேன், நீங்க வாங்கறீங்களா?’ என்றாள். ‘ஆமா’ என்றார். ‘வாங்கி எங்க வைக்கறதா உத்தேசம்?’ ‘அலமாரியில.’ ‘அலமாரியிலதானேய்யா இருந்துச்சு!’ ‘அதான்’ என்றார்.   இந்த நேரத்தில் உன் அப்பா பண்ணியதுதான் வேடிக்கை, தன் ஜென்ம விரோதியிடமிருந்து டீத் தட்டை வாங்கி மேசையில் வைத்து, ‘உக்காருங்க சார்’ என்றார். அவர் வீட்டிலேயே அவரை. பிறகு அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மழை நாளில் பெண்ணைப் பைக்கின் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போவாராம். தலைமூடி சரியாக அவர் தாடைக்குக் கீழே வருமாம். இரண்டு தவளைக் கண்ணுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவாராம். ‘இப்ப பின்னாடி உக்கார்றா. பின்னாடி உக்காந்தா தலையே தெரியாதுல்ல’ என்றார்.  அந்த அம்மா, ‘ரோட்டப் பாத்து ஓட்டணும், தவளையப் பாத்து இல்ல’ என்றாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது. சிறுமி எழுந்து வந்து என் கையிலிருந்து கோட்டைப் பிடுங்கி மாட்டினாள். கை முழங்கையோடு நின்றது. தலை பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து, ‘பாத்தியாப்பா, தவளை செத்துப்போச்சு. கழட்டி விடு’ என்றது குரல். இரண்டு பேர் இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. என் உயிர் தையலில் இருந்தது. தையல் தாங்கியது.

அந்தச் சிறுமிதான் உன் அப்பாவிடம், உங்க பேத்தி எவ்வளவு உயரம் என்று கேட்டாள். அவர் சொன்னார். எப்படித் தெரியும் என்றாள். அவர் ஃப்ரிட்ஜ் கணக்கை ஆரம்பத்திலிருந்து விளக்கினார், கையால் காற்றில் கோடு போட்டு. அவள் முழுதும் கேட்டுவிட்டு, ‘எங்க ஃப்ரிட்ஜ் ஸ்டாண்டு மேல நிக்குது தாத்தா. உங்க பொண்ணு வீட்டுல?’ என்றாள். உன் அப்பா போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்.  உங்கள் ஃப்ரிட்ஜின் கால் பக்கத்தை எப்போதும் சாப்பாட்டு மேசை மறைத்துக்கொண்டிருக்கும். நாங்கள் பார்த்ததே இல்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தும். அப்போதுதான் உனக்குப் போன் செய்தார். நீ, கட்டை ஸ்டாண்டு, அரைச் சாண் இருக்கும், ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா என்றாய். அரைச் சாண் என்றால் இந்த வயதில் ஏறக்குறைய ஒன்றரை வருஷ வளர்த்தி. ஃப்ரிட்ஜ் உயர்ந்தால் குட்டியும் அத்தனை உயரம். நாங்கள் வாங்கி மடித்து வைத்த எல்லாமே சின்னது. மஞ்சள் கவுன் சின்னது, காற்சட்டை சின்னது. பெரிசு பெரிசு என்று அவர் தள்ளிய கோட்டு ஒன்றுதான் அளவு. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எவ்வளவு சுகம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. சின்னதெல்லாம் இப்போது நம் பெயரில் ஏலத்தில் இருக்கிறது. உள்பக்கத்தைத் திருப்பி எடுத்த படங்களோடு, யாரும் கேட்காமலே.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஊரார் கழித்தது என்றாய். நானும் அப்படித்தான் நினைத்து, அதையும் மீறித் தையலுக்காகத்தான் வாங்கப் போனேன். ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. அந்தக் கோட்டை யாரும் கழிக்கவில்லை. ஒருத்தி விற்றாள், ஒருவர் விடவில்லை, போட்டவள் வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான். கழித்துப் போடுவது வேறு. இது, கை நிறைய வைத்துக்கொண்டு, வைக்க இடம் தெரியாமல் நிற்பது. கடையில் நான் தொட்ட அந்தப் புதுத் துணியை யாரும் இப்படி ஒரு நாள்கூடப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இதற்கு மேல் எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. நீ படித்தவள், நிரப்பிக்கொள்.

கோட்டை அந்த லிஃப்ட் மெக்கானிக்கே உறையில் போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, உறையின் ஒரு முனையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். உன் அப்பா இழுக்கவில்லை, நின்றார். செயலியில் பெயரை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார் இந்த மனிதர், உண்மையில் கொடாக்கண்டன் என்று வைத்திருக்க வேண்டும். விடாமல் கேட்கிற விடாக்கண்டன் நம் வீட்டில்தான். எங்கள் பொண்ணு குழந்தைக்குப் பழைய துணி போடுவாளா என்று தெரியாது, கேட்டுச் சொல்கிறோம் என்று நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. ‘வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா வேற யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா. ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்’ என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் உன் அப்பாவுக்கு ஒரு செய்தி: ‘சார், பொண்ணு என்ன சொன்னாங்க?’ அவர் பதில் எழுதுகிறார்: ‘மேற்படி கோட்டு தொடர்பான முடிவு மகளின் பரிசீலனையில் உள்ளது.’ நேற்று விடாக்கண்டனின் சம்சாரம் தனியாக எனக்கு எழுதியிருக்கிறாள், சீக்கிரம் வேணும்னு சொல்லிடச் சொல்லுங்கம்மா, இவர் அலமாரியில அந்த இடத்த காலி பண்ணி வெச்சிட்டு உக்காந்திருக்காரு, நான் துணி வைக்க இடமில்ல என்று. ஆக, கண்ணு, நீ எப்படிச் சொன்னாலும் ஒரு வீட்டில் ஒரு ஆள் சந்தோஷப்படப் போகிறார். உனக்கு எந்தத் தர்மசங்கடமும் வேண்டாம். ஆனால் நான் நடுநிலை இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குட்டியை நான் இதுவரை தூக்கியதில்லை. இந்தக் கோட்டை இரண்டு தடவை கையால் துவைத்து நிழலில் காயப் போட்டிருக்கிறேன். தோள் எங்கே வரும், கை எங்கே முடியும் என்று இப்போது என் கைக்குத் தெரியும்.

விமானத்தில் குட்டிக்குக் காது அடைக்கும், இறங்கும்போது எதையாவது மெல்லக் கொடு. மாப்பிள்ளையை இடுப்புவலியோடு பெட்டி தூக்கவிடாதே, பெரிய பெட்டியை விட்டுவிட்டு வாருங்கள், இங்கே எல்லாம் இருக்கிறது, சின்னதாகவாவது. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல், பசித்துச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, நல்லபடியாக வந்து சேருங்கள். பதிலை எனக்கு எழுது, அப்பாவுக்கு எழுதாதே. அவர் அதை அப்படியே விடாக்கண்டனுக்கு அனுப்பிவிடுவார். இரண்டு பேரும் இப்போது சேர்ந்து டீ குடிக்கிறார்கள்.

உன் அறைக் கதவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மூடிக் கோட்டைப் பார்க்கும்,
அம்மா